பேர் சொல்லி அழைத்த சபை
மலைநாட்டுத் திருச்சபையின் கதை – 7

விடிவதற்கு முன்பே தப்புச் சத்தம் கேட்கும். லயத்துக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு ஆணும் பெண்ணும் பெரட்டுக் களத்துக்கு வந்து வரிசையாக நிற்பார்கள். கங்காணி தலைகளை எண்ணுவார். கணக்கப்பிள்ளை செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் குறித்துக்கொள்வார். அன்றைய வேலையை முழுதாகச் செய்தவருக்கு ஒரு பேர். பறித்த பழம் குறைந்தாலும், நடுப்பகலில் காய்ச்சல் கண்டு லயத்துக்குத் திரும்பினாலும் அரைப் பேர். தோட்டத்துத் தமிழில் ‘பேர்’ என்ற சொல்லுக்கு ஒரு நாள் கூலி என்றே பொருள் வந்துவிட்டது. தாய் தகப்பன் ஆசையாய் வைத்த பெயருக்கும் அந்தப் பேருக்கும் தொடர்பு இல்லை.

கண்டியைச் சுற்றியிருந்த காப்பித் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்க் கிறிஸ்தவர்களுக்காக 1854-இல் ஒரு மிஷன் தொடங்கப்பட்டதைச் சென்ற பகுதியில் பார்த்தோம். வாரத்தில் ஆறு நாள் வரிசையில் நின்று களைத்த மக்கள் ஏழாம் நாளும் ஓரிடத்தில் ஏன் கூடினார்கள்? இந்தப் பகுதி அந்தக் கேள்விக்கானது.

‘கடவுள் எங்கும் இருக்கிறார், வீட்டில் இருந்தபடியே கும்பிட்டால் ஆகாதா?’ என்று இன்றும் பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். தனி அறையில் கதவைப் பூட்டிக்கொண்டு ஜெபிக்கச் சொன்னவரும் இயேசுவே. ஆனால் அவருடைய சீடர்கள் தங்களுக்குத் தேர்ந்துகொண்ட பெயர் ‘எக்லேசியா’. அக்காலக் கிரேக்க நகரங்களில் ஊர்க் குடிமக்கள் அழைப்புக் கேட்டுக் கூடும் அவைக்கு வழங்கிய சொல் அது. தமிழில் நாம் ‘சபை’ என்கிறோம். இரண்டு சொல்லிலும் கட்டடம் இல்லை, கூட்டம்தான் இருக்கிறது.

ஏறத்தாழ கி.பி. 112-இல் ரோமப் பேரரசின் ஆளுநர் பிளினி, பேரரசர் திராஜனுக்கு எழுதிய கடிதத்தில் கிறிஸ்தவர்களின் வழக்கம் பற்றிச் சொல்லும் முதல் செய்தியும் இதுவே. குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைக் கடவுளாகப் போற்றிப் பாடுகிறார்கள் என்று அவர் எழுதினார். அந்தக் கூட்டத்தில் அடிமைப் பெண்களும் இருந்தார்கள். எசமானின் வேலை தொடங்குமுன் கிடைத்த இருட்டு நேரமே அவர்களுக்குச் சொந்தமான நேரம். அந்த இருட்டைக் கண்டித் தோட்டங்களில் மறுபடியும் சந்திப்போம். அதற்கு முன், அந்தத் தோட்டங்களின் காலத்திலிருந்து ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பின்னால் போக வேண்டும்.

சிறைக்குள் ஒரு பீடம்

1658-இல் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் கைக்கு வந்தது. கத்தோலிக்கக் குருவுக்கு இடம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என்று அதே ஆண்டு கட்டளை பிறந்தது. கோயில்கள் பறிபோயின. குருமார் நாடு கடத்தப்பட்டார்கள். வீடுகளுக்குள் ஜெபம் செய்வதைத் தடுப்பது எந்த அரசுக்கும் எளிதில்லை. ஒல்லாந்தர் குறி வைத்தது கூட்டத்தை. மக்கள் சேர்ந்து நிற்காவிட்டால் அவர்களுடைய விசுவாசம் ஒரு தலைமுறையில் தானே அவிந்துவிடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. கூட்டு வழிபாட்டின் வலிமையை அதன் பகைவர்களே நன்றாக அறிந்திருந்தார்கள்.

இந்தச் செய்தியைக் கேட்டுத் துடித்த கோவாக் குருவானவர் யோசேப்பு வாஸ். 1651-இல் பெனோலிம் ஊரில் பிறந்தவர். 1687-இல் யோவான் என்ற பணியாளரோடு தூத்துக்குடி வந்து, கூலியாள் வேடத்தில் இலங்கைக்குக் கப்பல் ஏறினார். வயிற்றுப்போக்கில் உயிர் ஊசலாடிக்கொண்டிருந்த நிலையில் யாழ்ப்பாணம் சேர்ந்தார். அங்கே கத்தோலிக்கர் யாரென்று கேட்கவும் முடியாது, சொல்லவும் முடியாது. அவர் ஒரு செபமாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பிச்சைக்காரராக வீடு வீடாகப் போனார். அதைப் பார்த்து எந்த முகம் மாறுகிறது என்று கவனித்தார். சிதறிக் கிடந்தவர்கள் இப்படித்தான் ஒருவரையொருவர் மறுபடியும் கண்டுகொண்டார்கள். சில்லாலையும் அதைச் சுற்றியிருந்த ஊர்களும் இருட்டில் கூடத் தொடங்கின.

1692-இல் வாஸ் அடிகள் கண்டிக்கு நடந்தார். போர்த்துக்கீச ஒற்றர் என்ற குற்றச்சாட்டில் சிறைப்பட்டார். கண்டியில் அப்போது கத்தோலிக்கர் பலர் இருந்தனர். இரண்டாம் இராஜசிங்கன் காலப் போர்களில் பிடிபட்ட போர்த்துக்கீசரின் வழிவந்தவர்களும், ஒல்லாந்தருக்குத் தப்பி மலையேறியவர்களும் அவர்களில் அடக்கம். பெயரளவில் கிறிஸ்தவர்கள். குருவைக் கண்டு ஆண்டுகள் பல ஆகியிருந்தன. கூடாததால் ஜெபங்களையும் மறந்துகொண்டிருந்தார்கள்.

சிறையில் இருந்தபடியே அடிகள் சிங்களம் படித்தார். காவல் சற்றுத் தளர்ந்ததும் சிறை வளாகத்துக்குள்ளேயே ஒரு கொட்டில் போட்டு, பீடம் அமைத்தார். அவ்வாண்டுக் கிறிஸ்து பிறப்பு விழாவின் திருப்பலி அங்கே நடந்தது. அதற்கு வந்தவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். ஒற்றர் என்று சந்தேகிக்கப்பட்ட ஒரு கைதியைப் பார்க்க, அரசனின் காவலர்கள் கண்முன்னே சிறைக்குள் நுழைய வேண்டும். ஒவ்வொருவரும் தாம் இன்னார் என்று ஊரறியச் சொல்லிக்கொண்டார்கள். மறைந்து வாழ்ந்தவர்கள் வெளிச்சத்துக்கு வந்தது அந்த இரவில்தான்.

1693-இல் கொடிய வறட்சி. அரசன் கேட்டுக்கொண்டபடி அடிகள் வெட்டவெளியில் பீடம் அமைத்து ஜெபித்தபோது மழை கொட்டியது, அவரும் பீடமும் மட்டும் நனையவில்லை என்று கத்தோலிக்க மரபு சொல்கிறது. அதன்பின் அவருக்குப் போதிக்கும் சுதந்திரம் கிடைத்தது. அதை வழங்கிய இரண்டாம் விமலதர்மசூரியன் பக்தியுள்ள பௌத்த அரசன். கடற்கரையை ஆண்ட கிறிஸ்தவ அரசு மூடிய கோயிலை மலையை ஆண்ட பௌத்த அரசு திறந்துவிட்டது. இந்த நன்றியைக் கண்டித் திருச்சபை மறக்கலாகாது.

1697-இல் பெரியம்மை வந்தது. அரசனும் வசதியுள்ளவர்களும் நகரை விட்டு விலகினார்கள். நோயாளிகளைக் காட்டோரத்தில் கொண்டு விட்டார்கள். அடிகளும், அவருடைய உறவினரான யோசேப்பு கர்வாலியோ அடிகளும் வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கழுவினார்கள், உணவு கொடுத்தார்கள், இறந்தவர்களைப் புதைத்தார்கள். யார் எந்தச் சமயம் என்று அவர்கள் பார்க்கவில்லை. ஞாயிறன்று பீடத்தின் முன் பிட்ட அப்பத்துக்குத் திங்களன்று தெருவில் வந்த பொருள் அது. வழிபாடும் தொண்டும் வெவ்வேறு என்று பேசுகிறவர்களுக்குக் கண்டியின் 1697 ஒரு பதில்.

மூப்பரும் அண்ணாவியாரும்

ஒரு குருவால் தீவு முழுவதும் நிற்க முடியாது. ஓரூருக்கு அவர் வருவது ஆண்டுக்கு ஒருமுறையாக இருக்கலாம். மற்ற ஞாயிறுகளில் என்ன செய்வது? வாஸ் அடிகள் இதற்கு ஊர் மக்களிடமிருந்தே ஆளெடுத்தார். சபையைக் கூட்டி, அதன் காரியங்களைப் பார்ப்பவர் மூப்பர். மறைக்கல்வி புகட்டி, ஜெபங்களை முன்நின்று சொல்பவர் அண்ணாவியார். இரண்டும் நம் சொற்கள். கூத்துப் பழக்கும் ஆசிரியரையும் நாம் அண்ணாவியார் என்றுதானே அழைக்கிறோம்! பின்னால் வந்த ஜாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் சிங்களத்திலும் தமிழிலும் எழுதிக் குவித்த நூல்கள் இந்த மூப்பர்களின் கையில் இருந்து வாசிக்கப்பட வேண்டும் என்பதற்காகவே எழுந்தவை. ஒருவர் வாசிக்க, எழுத்தறியாதவர் நூறு பேர் கேட்டு மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

யோசேப்பு வாஸ் 1711 ஜனவரி 16-இல் கண்டியில் காலமானார். அவருடைய கல்லறை இருந்த இடம் இன்று அடையாளம் தெரியவில்லை. அடுத்த ஒரு தலைமுறைக்குள், 1740-களில், அரசவையின் மனம் மாறியது. குருமார் கண்டி அரசை விட்டு வெளியேற்றப்பட்டார்கள்.

இனி இங்கே கிறிஸ்தவம் இருக்காது என்றே எவரும் நினைத்திருப்பார்கள். மாத்தளைக்கு வடக்கே வாஹாகோட்டை என்ற ஊர் அந்த எண்ணத்தைப் பொய்யாக்கியது. போர்த்துக்கீசச் சிறைக்கைதிகளின் வழிவந்த குடும்பங்கள் அங்கே வாழ்ந்தன. மொழியும் உடையும் வாழ்க்கையும் சிங்களமாகிவிட்டன. குரு இல்லாத நீண்ட காலத்திலும் அந்தோனியார் திருவுருவத்தைச் சுற்றி அவர்கள் கூடுவதை விடவில்லை என்று அவ்வூர் மரபு சொல்கிறது. இன்று அது நாடறிந்த அந்தோனியார் திருத்தலம்.

குரு இல்லை, கோயில் இல்லை, திருப்பலியும் இல்லை. ஒரு மூப்பரும், மனப்பாடமான ஜெபங்களும், தவறாமல் வந்து உட்காரும் பக்கத்து வீட்டுக்காரர்களும் மட்டும் இருந்தார்கள். ஒருவர் மறந்த வரியை அடுத்தவர் எடுத்துக் கொடுப்பார். தனியாக ஜெபிப்பவர் மறந்தால் மறந்ததுதான்.

அரசன் அமர்ந்த மண்டபத்தில்

1815 மார்ச் 2-ஆம் நாள், கண்டி அரசர்களின் மகுல் மடுவ என்னும் மண்டபத்தில் ஒப்பந்தம் கூடிக் கண்டி ஆங்கிலேயர் வசமானது. புத்த சமயம் காக்கப்படும் என்று அதன் ஐந்தாம் பிரிவு உறுதி சொன்னது. 1818-இல் சர்ச் மிஷனரி சங்கத்தின் சாமுவேல் லாம்ப்ரிக் கண்டிக்கு வந்தார். படைவீரர்களுக்கும் அதிகாரிகளுக்கும் கோயில் இல்லை. ஆகவே மகுல் மடுவவிலேயே ஞாயிறு ஆராதனை நடந்தது. திருச்சி மக்கள் தங்கள் கல்லூரியின் பெயரில் இன்றும் சொல்லும் பிஷப் ஹீபர், 1825-இல் கண்டிக்கு வந்தபோது பிரசங்கித்தது அந்த மண்டபத்தில்தான்.

பின்னர் தலதா மாளிகையின் அருகிலேயே செங்கல்லால் ஆன புனித பவுல் ஆலயம் எழுந்தது. 1843-இல் தொடங்கி, 1846-இல் ஆராதனைக்குத் திறந்தார்கள். இன்றும் அதன் வாசலில் நின்றால் நாத தேவாலயமும் மாளிகையின் கூரையும் கண்ணில் படும். மேளச்சத்தமும் ஆலய மணியும் ஒரே காற்றில் கலக்கும்.

இந்தக் காலத்து ஆராதனையைப் பற்றி உண்மையைச் சொல்ல வேண்டும். வென்றவர்கள் தோற்றவனின் அவையில் அமர்ந்து கும்பிட்டார்கள். அங்கே கூடியது ஒரு படை, ஒரு நிர்வாகம். அதிகாரத்தின் படிவரிசை ஆலயத்தின் இருக்கைகளிலும் தொடர்ந்தது. எல்லாக் கூட்டமும் சபை ஆகிவிடாது. உள்ளே வரும்போது இருந்த உயர்வு தாழ்வு வெளியே போகும்போதும் அப்படியே இருந்தால், அந்த மணி நேரம் எதற்காக என்று கேட்க வேண்டியிருக்கிறது. கூட்டு வழிபாட்டை அளக்கும் கோல் அதன் உள்ளேயே இருக்கிறது. ஒரே அப்பம், ஒரே கிண்ணம் என்பதே அந்தக் கோல்.

பெரட்டுக் களத்தில் உபதேசியார்

இனித் தோட்டத்துக்கு வருவோம்.

1820-களில் கம்பளைப் பக்கம் தொடங்கிய காப்பிப் பயிர், 1840-களுக்குள் கண்டியைச் சூழ்ந்த காடுகளைத் தின்றது. இராமநாதபுரம், திருநெல்வேலி, திருச்சி, தஞ்சை, புதுக்கோட்டைப் பக்கத்து மக்கள் பஞ்சத்துக்கும் கடனுக்கும் தப்பி மன்னாரில் இறங்கினார்கள். வறண்ட காட்டு வழியாக மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்தார்கள். வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே விழுந்தார்கள். அவர்களைப் புதைத்த இடத்தில் பெயர் எழுதிய பலகை இல்லை.

வந்தவர்களில் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். ஊரில் அவர்களுக்குக் கோயில் இருந்தது, அறுப்பின் பண்டிகை இருந்தது, ஊர் கூடிச் சமைத்து ஒன்றாய் உட்கார்ந்து உண்ணும் அசனம் இருந்தது. மலையில் லயத்து அறை ஒன்றுதான். அடுத்த தோட்டத்துக்குப் போகவும் துரையின் தயவு வேண்டும். இப்படிச் சிதறிய மக்களைத் தேடி உருவானதே 1854-இன் ‘தமிழ்க் கூலி மிஷன்’. காப்பித் தோட்டத் துரைமார் சிலரின் பணமும், சர்ச் மிஷனரி சங்கத்தின் ஊழியரும் சேர்ந்து நடத்தியது. கண்டியில் வில்லியம் ஓக்லி துணை நின்றார். 1835-இல் இலங்கைக்கு வந்து, ஒருமுறைகூடத் தாய்நாடு திரும்பாமல் 1886-இல் இங்கேயே மண்ணானவர் அவர். திருநெல்வேலியில் தமிழ் பழகிய செப்டிமஸ் ஹாப்ஸ் பணிக்கு வந்தார். ஆனால் வேலையின் பாரத்தைத் தோளில் சுமந்தவர்கள் திருநெல்வேலியிலிருந்து அனுப்பப்பட்ட உபதேசியார்கள். மிஷன் அறிக்கைகளில் துரைமாரின் பெயர் பெரிதாகவும், இவர்களின் பெயர் சிறிதாகவும் இருக்கும்.

உபதேசியாருக்குக் கிடைத்த நேரம் இரண்டு. பெரட்டுக்கு ஆட்கள் கூடும் விடியற்காலை ஒன்று, வேலை முடிந்து லயத்து வாசலில் அடுப்பு புகையும் இரவு மற்றொன்று. பிளினி எழுதிய அதே இருட்டு. மழையிலும் அட்டைக் கடியிலும் ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக்கு நடந்து, பத்துப் பேரோ ஐந்து பேரோ இருந்தால் உட்கார்ந்து வேதம் வாசிப்பார். பாட்டுத்தான் அவருக்குப் பெரிய துணை. படிக்கத் தெரியாதவரும் கீர்த்தனையின் பல்லவியைப் பிடித்துக்கொள்வார். ஊரில் பாடிய இராகம் காதில் விழுந்ததும் அழுதவர்கள் இருந்திருப்பார்கள் என்பதற்குச் சான்று தேவையில்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. தப்புக்கு எழுந்த அதே மக்கள் இன்னொரு அழைப்புக்கு எழுந்தார்கள். இங்கேயும் ஒரு பதிவேடு இருந்தது. ஞானஸ்நானப் பதிவேட்டில் குழந்தையின் பெயர், தகப்பன் பெயர், தாயின் பெயர், ஊர் எல்லாம் வரும். அதில் அரைப் பேர் கிடையாது. நாளெல்லாம் காய்ச்சலில் படுத்திருந்தவருக்கும் முழுப் பேர்தான். செக்ரோல் உழைப்பை எழுதியது, பதிவேடு ஆளை எழுதியது. எதற்காகக் கூடினார்கள் என்று தொடக்கத்தில் கேட்டோமே, என் பதில் இதுதான்: தங்கள் சொந்தப் பெயரைச் சொல்லி அழைக்கும் குரலைக் கேட்பதற்காகக் கூடினார்கள். அந்தக் குரல் கடவுளுடையது என்று அவர்கள் நம்பினார்கள். அது அவர்கள் காதில் விழுந்தது பக்கத்தில் இருந்தவரின் வாயிலிருந்து.

குறைகளையும் மறைக்க வேண்டாம். மிஷனின் பெயரிலேயே ‘கூலி’ என்ற சொல் இருந்தது. அதை விட்டுத் ‘தமிழ்ச் சர்ச் மிஷன்’ ஆக வெகுகாலம் பிடித்தது. பணம் கொடுத்த துரைமாரில் பலர், அடக்கமான தொழிலாளியை எதிர்பார்த்தே கொடுத்தார்கள். ஆட்களை எண்ணிய கையும் உபதேசியாருக்குச் சம்பளம் கொடுத்த கையும் ஒன்றாக இருந்தபோது, கூலியைப் பற்றியும் கடனைப் பற்றியும் அந்தக் கூட்டங்களில் எவ்வளவு பேச முடிந்திருக்கும்?

சாதியும் கூடவே கப்பல் ஏறி வந்தது. கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833-இல், திருச்சபைக்குள் சாதி வேறுபாடு அடியோடு ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டபோது, தஞ்சையிலும் திருச்சியிலும் பல குடும்பங்கள் சபையை விட்டே பிரிந்தன. பிரசங்கத்தை ஒன்றாகக் கேட்க அவர்களுக்குத் தடையில்லை. ஒரே கிண்ணத்தில் வாய் வைப்பதுதான் முடியாமல் போனது. மலையிலும் லயங்கள் சாதிவாரியாகப் பிரிந்திருந்தன. ஆனாலும் இருபது பேர் உள்ள சபைக்கு இரண்டு கிண்ணம் வைக்க வழியில்லை. ஊரில் கோயில் வாசலில் நின்றவன் இங்கே ஒரே பாயில் அடுத்தவனோடு முழந்தாள் இட்டான். மனம் உடனே மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். உடம்பு முதலில் பழகியது. வழிபாடு மனிதரைத் திருத்துவது பெரும்பாலும் இந்த வழியில்தான், வாரத்துக்கு ஒரு தடவை, மெல்ல மெல்ல.

சுவர் இல்லாத ஆலயம்

இருபதாம் நூற்றாண்டில் கண்டிக்கு இன்னொரு கேள்வி வந்தது: நாம் கூடும் இடம் யாருடைய வீடு போல் இருக்கிறது?

திரித்துவக் கல்லூரியின் அதிபராக 1904-இல் வந்த ஏ. ஜி. பிரேசர், பிள்ளைகள் சிங்களமும் தமிழும் கற்க வேண்டும் என்று வற்புறுத்தியவர். அவர் காலத்தில் ஆசிரியர் எல். ஜே. காஸ்டர் ஓர் ஆலயத்துக்கு வரைபடம் போட்டார். கூர்கோபுரமும் வண்ணக் கண்ணாடியும் அதில் இல்லை. கண்டி அரசர்களின் மண்டபத்தைப் போலச் சரிந்த கூரை, செதுக்கிய தூண்கள். வித்தியாசம், தூண்கள் மரத்துக்குப் பதில் கருங்கல்லில். 1922-இல் தொடங்கிய வேலை முடிந்து, 1935 மார்ச் 3-இல் ஆலயம் அர்ப்பணிக்கப்பட்டது. பக்கங்களில் சுவர் இல்லை. காற்றும் பறவையும் தாராளமாக வரும். பழைய மாணவரான டேவிட் பெயின்டர் சுவரோவியங்கள் தீட்டினார். சீடரின் பாதம் கழுவுதலும், நல்ல சமாரியனும், சிலுவையும் இந்த மண்ணின் நிறத்தில் எழுந்தன. அவருடைய கிறிஸ்துவுக்குத் தாடியில்லை, மேனி நம்முடையது.

நூறாண்டுக்கு முன் மகுல் மடுவவில் கூடியவர்கள் அதை வென்றெடுத்தவர்கள். இவர்கள் அதன் வடிவத்தைக் கேட்டு வாங்கி வணங்கினார்கள். முன்னதில் இல்லாத பணிவு இதில் இருக்கிறது.

இதே திசையில் வேறு வாசல்களும் திறந்தன. 1950-இல் கண்டியையும் உள்ளடக்கி அங்கிலிக்கரின் குருநாகல் மறைமாவட்டம் உருவானது. அதன் முதல் ஆயர் லக்தாச டி மெல் நாட்டு இசையையும் நாட்டுக் கட்டடக் கலையையும் ஆராதனைக்குள் கொண்டுவந்தார். 1963-இல் கண்டிக்கு அருகே பிலிமத்தலாவையில் இலங்கை இறையியல் கல்லூரி தோன்றியது. அங்கிலிக்கரும் மெதடிஸ்தரும் பாப்திஸ்தரும் தங்கள் போதகர்களைச் சிங்களத்திலும் தமிழிலும் ஒன்றாகப் பயிற்றுவிக்க அமைத்த இடம் அது. அதே ஆண்டு டிசம்பர் 4-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தன் திருவழிபாட்டு ஆவணத்தை வெளியிட்டது. மக்கள் பார்வையாளராக நில்லாமல், உணர்ந்து முழுமையாகப் பங்கேற்க வேண்டும் என்பது அதன் உயிர்நாடி. லத்தீன் முணுமுணுப்பைக் கேட்டுக்கொண்டே செபமாலை உருட்டிய மலையகத் தாய்மார், தமிழில் பதில் சொல்லத் தொடங்கினார்கள்.

கோச்சி ஏறியவர்கள்

பதில் சொல்லத் தொடங்கிய அதே ஆண்டுகளில் சபைகள் கரையத் தொடங்கின. 1948-இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 அக்டோபர் 30-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்தார்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும், மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று எழுதினார்கள். மறுபடியும் தலைகள் எண்ணப்பட்டன. இம்முறை எண்ணியவை இரண்டு அரசுகள்.

அண்ணன் ஒரு பட்டியலில், தம்பி இன்னொரு பட்டியலில். கண்டியிலிருந்து கோச்சி என்ற ரயிலில் ஏறித் தலைமன்னார் போய், கப்பலில் இராமேசுவரம் சேர்ந்து, அங்கிருந்து நீலகிரிக்கும் வேறு மலைகளுக்கும் சிதறினார்கள். ஒரு தோட்டச் சபையில் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு குடும்பத்தின் பாய் காலியாக இருந்தது. கோத்தகிரியிலும் கூடலூரிலும் போய் இறங்கியவர்களில் கிறிஸ்தவர்கள் தேடியது கூடும் இடத்தை. புதிய மலையில் பழைய பாட்டு எழுந்தது. பிறந்த நாட்டில் ‘இந்தியர்’ என்றும், வந்த நாட்டில் ‘சிலோன்காரர்’ என்றும் அழைக்கப்பட்டவர்களுக்கு, எண்ணும் பட்டியலும் இல்லாமல் இனப்பெயரும் இல்லாமல் பெயர் சொல்லும் இடம் அதுவாக இருந்தது.

கண்டியில் இருந்தவர்களுக்கும் சோதனை குறையவில்லை. 1972-இல் இயேசு சபையைச் சேர்ந்த பால் கஸ்பர்ஸ் அடிகள் கண்டியில் ‘சத்யோதய’ நிலையத்தைத் தொடங்கினார். சிங்களரும் தமிழரும் ஒரே கூரையின் கீழ் வாழவும் உழைக்கவும் முடியும் என்று காட்டவே அதைத் தொடங்கினார். 1977-இலும் 1983-இலும் கண்டித் தெருக்கள் எரிந்தபோது, ஞாயிறன்று ஒரே பீடத்தில் கை நீட்டியவர்கள் திங்களன்று எப்படி நடந்துகொண்டார்கள் என்பது ஒவ்வொரு சபையின் மனச்சாட்சிக்கும் தெரியும். கதவு திறந்து ஒளித்து வைத்தவர்களும் உண்டு. திறக்காதவர்களும் உண்டு. 1697 நமக்கு வைத்த தேர்வு முடியவே இல்லை.

2019 ஏப்ரல் 21, உயிர்த்தெழுதல் ஞாயிறு. கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் மட்டக்களப்பிலும் கூடியிருந்த மக்கள் மீது குண்டுகள் வெடித்தன. அடுத்த ஞாயிறு நாட்டில் எங்கும் பொதுத் திருப்பலி இல்லை. கர்தினாலின் பூசையை மக்கள் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். மன்றாட்டுகள் அனைத்தும் காதில் விழுந்தன. ஆனாலும் ஏதோ குறைந்தது. பக்கத்தில் யாரும் இல்லை. ‘சமாதானம்’ என்று கை கூப்பத் திரும்பினால் சுவர்தான் இருந்தது.

ஒல்லாந்தர் கட்டளையால் தடுத்தது கூட்டத்தை. குண்டு வைத்தவர்கள் குறி வைத்ததும் கூட்டத்தையே.

ஏறத்தாழ கி.பி. 155-இல் யுஸ்தீன் என்ற மறைசாட்சி, கிறிஸ்தவர்கள் ஞாயிறன்று என்ன செய்கிறார்கள் என்று ரோமப் பேரரசருக்கு விளக்கி எழுதினார். நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும் ஓரிடத்தில் கூடுவது, வேதம் வாசிப்பது, அப்பத்தைப் பகிர்வது, அநாதைக்கும் விதவைக்கும் காணிக்கை சேர்ப்பது என்று வரிசையாகச் சொல்லி, ஒரு சிறு செய்தியையும் சேர்க்கிறார்: வர முடியாதவர்களுக்கு அப்பத்தைத் திருத்தொண்டர்கள் வீட்டுக்கே கொண்டுபோகிறார்கள்.

பெரட்டில் ஒருவர் இல்லையென்றால் அன்றைய பேர் இல்லை, கதை அவ்வளவுதான். சபையில் ஒருவர் இல்லையென்றால் அங்கேதான் வேலை தொடங்குகிறது. ஆராதனை முடிந்ததும் யாரோ ஒருவர் கேட்பார்: ‘மேல் லயத்து ஆத்தாவைக் காணோமே?’ உபதேசியார் திருவிருந்துப் பாத்திரத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொள்வார். இரண்டு பேர் கூடப் போவார்கள். வழுக்கும் படிகளில் ஏறி, புகை மண்டிய அறை வாசலில் நின்று, உள்ளே படுத்திருப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள்.

(அடுத்த பகுதி: 1876-இல் முப்பது வயதில் கொழும்பு ஆயராக வந்த ரெஜினால்ட் கோபிள்ஸ்டன், மிஷனரிகளின் அனுமதிப் பத்திரங்களைத் திரும்பப் பெற்றார். மலைத் தோட்டங்களின் சிறு சபைகள் இங்கிலாந்து வரை பேசப்பட்ட வழக்காக மாறிய கதை.)